கல் எது, ஓடு எது

ஏப்ரல் 7

தாரணியைக் கூட்டிவந்தாகிவிட்டது. கோவையில் கார் ஏறியதும் கண்ணை மூடியவள், திருச்சிக்குள் நுழைந்த பிறகுதான் விழித்தாள். கரூரில் டீக்கு நிறுத்தியபோது எழுப்பிப் பார்த்தேன். அசையவில்லை. "பாவம் சார், தூங்கட்டும்" என்றார் டிரைவர். எனக்கும் தூக்கம்தான். என்னைப் பார்த்துப் பாவம் சொல்ல யார் இருக்கிறார்கள்?

வளைகாப்பு முடிந்ததும் பெண்ணைத் தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு அழைத்துவருவது வழக்கம். எங்கள் வீட்டில் வழக்கம் இருக்கிறது, தாய்தான் இல்லை. சுகந்தி போய் ஆறு வருடமாகிறது. சம்பந்தியம்மா இதை வளைகாப்பு மண்டபத்திலேயே நாலு பேர் காதில் விழும்படி சொன்னார். "பொம்பள இல்லாத வீட்டுல எப்படிங்க பாத்துக்குவீங்க? இங்கயே ஆஸ்பத்திரி இருக்குதுங்க, நாங்க இருக்கறோம்." சொன்னதில் தப்பில்லை. எனக்கு ரசம் வைக்கத் தெரியும், கல்லைக் கழுவத் தெரியும். இந்த இரண்டை வைத்துக்கொண்டு ஒரு பிள்ளைத்தாய்ச்சியைப் பார்த்துக்கொள்ள முடியுமா?

ஆனால் தாரணி, "முதல் பிரசவம் அப்பா வீட்டுலதான் அத்தை" என்று ஒரே பிடியாக நின்றுவிட்டாள். கல்யாணத்துக்கு நாள் பார்த்தபோது ராகுகாலம், எமகண்டம் எல்லாவற்றையும் கேலி செய்தவள் இவள். திடீரென்று சம்பிரதாயத்தில் இவ்வளவு பற்று. மாப்பிள்ளை பிரசன்னா, கார் கதவைச் சாத்தும்போது, "போனை ஆஃப் பண்ணிடாத" என்று மட்டும் அவளிடம் சொன்னார்.

பெட்டி இரண்டு. ஒன்றில் துணிமணி. இன்னொன்றில் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டிலிருந்து டிகிரி வரை எல்லா சர்டிபிகேட்டும். பிரசவ வார்டில் படிப்பு கேட்பார்களா என்ன? கேட்டேன். "சும்மா எடுத்துட்டு வந்தேன்பா" என்றாள்.

ஏப்ரல் 8

ஆமை இன்று மறுபடியும் ஆசிட்டில் இறங்கியது.

கல்லூரியில் எங்கள் நிலவியல் துறைக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஷெட் ஒன்று இருக்கிறது. அதற்குள் பெரிய பிளாஸ்டிக் தொட்டி, தொட்டிக்குள் ஒரு கல். அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் வெட்டுகிற இடத்தில் போன வருடம் கிடைத்தது. ஏழு கோடி வருடத்துக்கு முன் அந்தப் பகுதியெல்லாம் கடல். கல்லின் ஓர் ஓரத்தில் கடலாமையின் முதுகு ஓடு தட்டுத் தட்டாகத் தெரிந்தது. நானும் என் ஜூனியர் ஜெரால்டும் கெஞ்சிக் கூத்தாடி வாங்கி வந்தோம். ஒரு மாதம் தாமதித்திருந்தால் யார் வீட்டுச் சுவரிலாவது சிமெண்டாகப் பூசியிருப்பார்கள்.

கடையில் வினிகர் என்று விற்கிறார்களே, அதே ஆசிட்தான், கொஞ்சம் காட்டமாக. அது சுண்ணாம்புக்கல்லைத் தின்னும், எலும்பை விட்டுவிடும். சில நாள் ஊறப் போட வேண்டும். ஆசிட்டை வடித்துவிட்டு, அதைவிட அதிக நாள் தண்ணீரில் அலச வேண்டும். வெளியே வந்த எலும்புக்கெல்லாம் பசை பூசிக் காயவைத்து, மறுபடி ஊறப் போட வேண்டும். பொறுமைக்காரன் வேலை. மே மாதக் கடைசியில் நான் ஓய்வு பெறுகிறேன். அதற்குள் ஆமை வெளியே வந்தாக வேண்டும். அப்புறம் ஷெட்டில் உடைந்த பெஞ்சு போடப் போவதாகப் பேச்சு.

மேலெல்லாம் வினிகர் வாடையோடு வீட்டுக்கு வந்தேன். தாரணிக்குக் குமட்டுமே என்று பயமாக இருந்தது. "நல்லாத்தான்பா இருக்கு, ஊறுகாய் ஜாடி மாதிரி" என்றாள்.

ஏப்ரல் 11

"அப்பா, ஃபேன் போட்டுக்கட்டுமா?" "அப்பா, இன்னொரு இட்லி எடுத்துக்கட்டுமா?" "அப்பா, மொட்டை மாடிக்குப் போய்ட்டு வரட்டுமா?" கேட்காமல் ஒரு காரியமும் செய்வதில்லை. சின்ன வயதில் இவளுக்குக் கேட்டுச் செய்யும் பழக்கத்தைச் சொல்லிச் சொல்லி நானும் சுகந்தியும் தோற்றோம். மாமியார் வீட்டில் மூன்றே வருடத்தில் கற்றுக்கொடுத்துவிட்டார்கள்.

மாப்பிள்ளை காலை, மதியம், மாலை என்று வீடியோ காலில் வந்துவிடுகிறார். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பெண்டாட்டி மேல் என்ன ஒட்டுதல்! சுகந்தி பிரசவத்துக்குப் போயிருந்தபோது நான் ஒரே ஒரு இன்லண்ட் லெட்டர் போட்டேன். அதிலும் பாதி, புதிதாகக் கிடைத்த நத்தை ஃபாசிலைப் பற்றி. அவள் கடைசி வரை அதைச் சொல்லிக் காட்டினாள்.

முதுகு வலி. தொட்டித் தண்ணீரை மாற்ற இந்த வயதில் நானே குடம் தூக்க வேண்டியிருக்கிறது.

ஏப்ரல் 14

சித்திரை ஒன்று. பாயசம் வைத்தேன், அடிப்பிடித்தது. கரிந்த வாடையோடு இரண்டு டம்ளர் குடித்தாள். மகள் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும்.

சாப்பிட்டுவிட்டு ஹாலில் உட்கார்ந்திருந்தபோது கேட்டாள். "ஏம்பா, நாளெல்லாம் கடல்லயே கிடக்குற ஆமை, முட்டை போட மட்டும் ஏன் அவ்வளவு கஷ்டப்பட்டுக் கரைக்கு வருது? அங்கயே போட வேண்டியதுதானே?"

நான் வகுப்பு எடுக்கத் தயாராகிவிட்டேன். ஓய்வு பெறும் வரை விடாது போலிருக்கிறது. அந்தக் காலத்துக் கடலில் பெரிய பெரிய பல்லி வகைகள் நீந்தின. அவையெல்லாம் கரையை மறந்துவிட்டு, கடலிலேயே குட்டி போடப் பழகிக்கொண்டன. ஆமை மட்டும் பழகவே இல்லை. அன்றிலிருந்து இன்றுவரை கரைக்கு வந்து குழி தோண்டித்தான் முட்டை இடுகிறது.

"ஏன் பழகல?"

"முட்டை அம்மா வயித்துக்குள்ள இருக்கற வரைக்கும் கருவுக்குக் காத்து பத்தாது. அதனால கொஞ்சம் வளந்ததும் அப்படியே நின்னுடும். வெளிய வந்து மணல்ல காத்து பட்டாத்தான் மறுபடி வளர ஆரம்பிக்கும். கடல்ல போட்டா மூச்சு முட்டிச் செத்துடும். உள்ளயும் வளர முடியாது, தண்ணிலயும் முடியாது. அப்புறம் அது எங்க போகும்?"

"நின்னுடும்னா? செத்துடாதா?"

"சாகாது. பொறுத்துக்கிட்டு இருக்கும்."

"எவ்வளவு நாள்பா தாங்கும்?"

"சில வாரம் தாங்கும். ரொம்ப நாள் ஆச்சுன்னா கஷ்டம்தான்" என்றேன். தலையை ஆட்டிக்கொண்டாள். அதற்குள் மாப்பிள்ளையின் போன் வந்துவிட்டது. எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். என் மாணவர்கள் இத்தனை வருடத்தில் ஒருவர்கூட இவ்வளவு அக்கறையாகக் கேள்வி கேட்டதில்லை.

ஏப்ரல் 16

கேஸ் சிலிண்டர் தீர்ந்துவிட்டது. பதிந்திருக்கிறேன். ஆமை ஊறுகிறது.

ஏப்ரல் 19

அவசரம் கண்ணை மறைக்கிறது என்று மாணவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தவன், இந்த முறை ஆசிட்டைக் கொஞ்சம் கூட்டி ஊற்றினேன். வேறு வழி தெரியவில்லை. நாள் ஓடுகிறது.

பலன் கைமேல். துடுப்புக் கை எலும்புகள் வந்துவிட்டன. இடுப்பு எலும்பும் ஓரளவு தெரிகிறது. வயிற்றுப் பக்கம்தான் ஒரே சேறு. கல் கரைந்த இடத்தில் உருண்டை உருண்டையாகக் களிமண் திரண்டிருந்தது. தொட்டால் கையோடு வந்துவிட்டது. குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சி எல்லாவற்றையும் அலசித் தள்ளிவிட்டு, எலும்புக்குப் பசை பூசினேன். அலசுவதற்கு முன்னும் பின்னும் படம் எடுத்துவைத்தேன்.

அப்படியே கிளம்பி வந்து வாழைத்தண்டு நறுக்கினேன். தாரணிக்குக் கால் வீங்கியிருக்கிறது.

ஏப்ரல் 24

ஸ்கேன். குழந்தை நன்றாக இருக்கிறது. அம்மாவுக்குத்தான் பிரஷர் கூடுதல், ரத்தம் குறைவு. "வீட்டுல லேடீஸ் யாரும் இல்லையா சார்?" என்று டாக்டரம்மா கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. அப்புறம் தாரணியிடம் தனியாகப் பேச வேண்டும் என்று என்னை வெளியே உட்காரச் சொன்னார். வெகுநேரம் கழித்து வந்தாள். கண் சிவந்திருந்தது.

"என்னம்மா?"

"ஊசி போட்டாங்கப்பா."

ஊசிக்கு அழுகிற வயதா? ஆனால் சின்ன வயதிலும் இப்படித்தான், ஊசி என்றால் ஊரைக் கூட்டுவாள்.

மருந்துக் கடையில் அவள் கார்டைக் கேட்டேன், கையில் இருந்த பணம் பத்தவில்லை என்பதால். கார்டு கோவையில் மாப்பிள்ளையிடம் இருக்கிறதாம். வேலையை விட்டபோதே கொடுத்துவிட்டாளாம். இவள் வேலையை விட்டதே எனக்கு இன்றுதான் தெரியும். ஓய்வெடுக்கட்டும் என்று மாப்பிள்ளை சொல்லியிருப்பார். வெயில் மண்டையைப் பிளக்கிறது.

ஏப்ரல் 28

என்னால் முடியவில்லை. இதை எழுதித்தான் வைக்க வேண்டும்.

காலையில் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. துடைத்துக்கொண்டிருக்கும்போது தாரணிக்கு மயக்கம். நல்லவேளை, கதவைப் பிடித்துக்கொண்டாள். இளநீர் வாங்க ஓடினேன். வந்ததும் கல்லூரியிலிருந்து போன், பென்ஷன் பேப்பரில் கையெழுத்து வேண்டுமாம். போனேன். அப்படியே ஷெட்டுக்குப் போய்த் தண்ணீர் மாற்றினேன். திரும்பி வந்தால் அவள் அந்த வயிற்றோடு தரையில் குந்தி அடுப்பு மேடைக்குக் கீழே துடைத்துக்கொண்டிருக்கிறாள். "உன்னை யாரு இதெல்லாம் செய்யச் சொன்னது?" என்று கத்திவிட்டேன். அவள் சட்டென்று எழுந்து சுவரோடு ஒட்டி நின்றாள். அடிக்கவா வந்தேன்? அப்படி ஒரு நிற்பு. எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

இவளுக்கு ஏதாவது ஆனால் நான் என்ன செய்வேன்? எனக்குத் தலைவாரிவிடத் தெரியுமா, எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டத் தெரியுமா, வலி வந்தால் எது பொய் வலி, எது நிஜ வலி என்று தெரியுமா? சுகந்தி இருந்தால் இதெல்லாம் என்னிடம் வந்தே இருக்காது.

சாயங்காலம் மொட்டை மாடிக்குப் போய் சம்பந்தியம்மாவுக்குப் போன் போட்டேன். "நீங்க சொன்னதுதான் சரிங்க. வந்து கூட்டிட்டுப் போயிடுங்க. பிரசவம் அங்கேயே ஆகட்டும்" என்றேன்.

"நாந்தான் அப்பவே சொன்னனுங்களே" என்றார் அவர். குரலில் சந்தோஷம். பத்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமை வருகிறார்களாம். தாரணியிடம் சமயம் பார்த்துச் சொல்லிக்கொள்ளலாம்.

ஏப்ரல் 29

நேற்று நன்றாகத் தூங்கினேன். ரொம்ப நாளாயிற்று.

மே 2

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

எலும்புகள் அழகாக வந்துவிட்டன என்று பெருமையாக எல்லாப் படங்களையும் ஜெரால்டுக்கு அனுப்பியிருந்தேன். அவன் விடைத்தாள் திருத்த மதுரைக்குப் போயிருக்கிறான். மதியம் கூப்பிட்டான்.

"சார், சூப்பரா வந்திருக்கு. ஆனா பத்தொன்பதாம் தேதி எடுத்த படத்துல, வயித்துப் பக்கம் உருண்டையா இருக்கே, அது என்ன சார்?"

"அது களிமண்ணுப்பா. அலசி விட்டுட்டேன்."

"எல்லாம் ஒரே அளவுல இருக்கே சார்."

படத்தைத் திறந்து பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரே அளவு. டேபிள் டென்னிஸ் பந்து அளவு. ஒன்றோடொன்று நெருங்கி, இடுப்பு எலும்புக்குப் பக்கத்தில், ஒரு பெண் ஆமைக்கு எங்கே இருக்க வேண்டுமோ அங்கே.

முட்டை ஓடும் சுண்ணாம்புதான். ஆசிட்டுக்குக் கல் எது, ஓடு எது என்று தெரியாது. இரண்டையும் ஒன்றாகத்தான் தின்னும். எலும்புக்கு மட்டும் பசை பூசிப் பூசிக் காப்பாற்றினேன். ஓடு கரைந்து, உள்ளே நிரம்பியிருந்த மண் மட்டும் முட்டை வடிவத்தில் மிஞ்சியிருக்கிறது. அதைத்தான் நான் குழாயைத் திறந்துவிட்டு அலசித் தள்ளினேன்.

இந்தக் காலத்துக் கடலாமை முட்டை தோல் மாதிரி வளையும். ஆதியில் ஆமை முட்டைக்குக் கெட்டியான ஓடு இருந்ததா, எப்போது அது மெலிந்தது என்று சொல்ல முட்டையோடு செத்த ஒரு ஆமை கிடைக்காதா என்று முப்பது வருடமாக வகுப்பில் புலம்பியவன் நான். கிடைத்தது. சாக்கடையில் போயிற்று.

"சார், இருக்கீங்களா?" என்று ஜெரால்டு கேட்டுக்கொண்டே இருந்தான்.

மே 3

சாக்கடைச் சல்லடையில் துழாவினேன். இலை, பிளாஸ்டிக், சேறு. வேறொன்றும் இல்லை.

மே 5

கல்லைப் புரட்ட நாலு பேர் தேவைப்பட்டார்கள். அடிப்பக்கம் ஆசிட் அவ்வளவாக ஏறவில்லை. உயிர் வந்தது. ஜெரால்டும் வந்துவிட்டான், மிச்ச விடைத்தாளை யாரிடமோ தள்ளிவிட்டு.

இனி ஆசிட்டே கிடையாது. ஊசிதான். பொடிப்பொடியாக மண்ணைக் கிளறினோம். மதியத்துக்குள் ஒன்று தெரிந்தது. பாதி உடைந்திருந்தது, ஆனால் ஓட்டோடு இருந்தது. அதில் ஒரு சில்லை மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தால் கெட்டியான, நல்ல தடிமனான ஓடு. வளைகிற ஜாதி இல்லை. இவ்வளவு கனத்தை வயிற்றில் வைத்துக்கொண்டு நீந்தியிருக்கிறாள். கரைக்குப் போகும் வழியில்தான் செத்திருக்க வேண்டும்.

ஜெரால்டு துள்ளினான். எனக்குத் துள்ளத் தெம்பு இல்லை.

"எத்தனை முட்டை கரைஞ்சுதுன்னும் எழுதணும். யாரு கரைச்சதுன்னும் எழுதணும்" என்றேன்.

"அது எதுக்கு சார்? மிச்சம் இருக்கறதே போதுமே. யாரு கேக்கப் போறா?"

"எழுதுப்பா. நாளைக்கு இன்னொருத்தன் எலும்பு எலும்புன்னு அலையாம இருக்கணும்."

எனக்கு ஆசிட் மேல் கோபம் இல்லை. அது தன் வேலையைச் செய்தது. என் கண் முன்னால், கைக்கு எட்டுகிற தூரத்தில் உருண்டை உருண்டையாக இருந்ததைப் பார்த்தேன், படம்கூட எடுத்தேன். ஆனால் என் மூளையில் எலும்பு மட்டும்தான் இருந்தது. இத்தனை வருடப் படிப்புக்கு இந்தக் குருட்டுத்தனம் கேவலமாக இருக்கிறது.

மே 6

இன்று மதியமே வீட்டுக்கு வந்துவிட்டேன். செருப்பைக் கழற்றும்போது தாரணியின் அறையிலிருந்து மாப்பிள்ளையின் குரல் கேட்டது. ஸ்பீக்கரில் போட்டிருந்தாள்.

"கேமராவைத் திருப்பு. கட்டிலுக்கு அந்தப் பக்கம் காட்டு. ம்ம். அலமாரி. அங்க என்ன ரெண்டு டம்ளர்?"

"ஒண்ணு காலையில குடிச்சதுங்க. ஒண்ணு இப்ப."

"உங்கப்பா வீட்டுல இல்லைல்ல? அப்ப யாரு வந்தா?"

"யாரும் வரலீங்க. சத்தியமா யாரும் வரல."

"வாசலைக் காட்டு."

ஸ்கிரீனில் நான் விழுந்துவிடுவேனோ என்று தூண் மறைவுக்குப் போனேன். என் வீட்டில், என் பிள்ளை, டம்ளருக்குக் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். தினமும் மூன்று வேளை இதுதான் நடந்திருக்கிறது. நான் அதற்கு ஒட்டுதல் என்று பெயர் வைத்துவிட்டு, ரசத்துக்குத் தக்காளி நறுக்கிக்கொண்டிருந்தேன்.

வந்த சுவடு தெரியாமல் தெருவுக்கு வந்து, முனை டீக்கடையில் உட்கார்ந்தேன். அவள் கேட்டுக் கேட்டு ஃபேன் போட்டது, டாக்டரம்மா என்னை வெளியே அனுப்பியது, நான் கத்தியதும் சுவரோடு ஒட்டி நின்றது, எல்லாம் ஒன்றின் மேல் ஒன்றாக வந்து விழுந்தது. அவள் பிரசவத்துக்கு வரவில்லை. அங்கே மூச்சு முட்டியதால் வந்தாள். சம்பிரதாயம் ஒன்றுதான் அந்த வீட்டுக் கதவைத் திறக்கும் என்று கணக்குப் போட்டிருக்கிறாள். அவர்களும் அதற்குக் கட்டுப்பட்டுத்தான் விட்டார்கள். வந்து சேர்ந்த இடத்திலிருந்து திருப்பி அனுப்ப நான் நாள் குறித்துக் கொடுத்திருக்கிறேன்.

டீ ஆறிப்போய்விட்டது. கடைக்காரர் வேறு போட்டுத் தரவா என்றார். வேண்டாம் என்றேன்.

மே 8

வரவேண்டாம் என்று சொல்ல நாலு தடவை போனை எடுத்தேன். போனில் சொன்னால் நாளைக்கே வந்து நிற்பார்கள். முகத்துக்கு நேரே சொல்லிவிடுவதுதான் சரி. தாரணியிடம் பேச வாய் வரவில்லை. நான்தான் கூப்பிட்டேன் என்று எப்படிச் சொல்வது?

மே 10

வந்தார்கள். மாப்பிள்ளையும் சம்பந்தியம்மாவும். பழத்தட்டு, பூ, ஒரு கூடை மாம்பழம். பார்க்க எல்லாம் மங்களகரமாகத்தான் இருந்தது.

நான் காலையிலேயே சமைத்துவைத்திருந்தேன். சண்டை போடப் போகிறவன் எதற்குச் சாம்பார் வைத்தேன் என்று கேட்டால் தெரியாது. வீட்டுக்கு வருகிறவர்களுக்குச் சமைப்பது கைப்பழக்கம்.

மாப்பிள்ளை நல்ல பிள்ளையாகத்தான் பேசினார். "உங்களுக்கும் வயசாகுதில்லீங்க மாமா. எதுக்குச் சிரமம்? அவளுக்கு எதுவும் தெரியாது. எல்லாமே நான்தான் பார்த்துப் பார்த்துச் செய்யணும்." சொல்லிக்கொண்டே கையை நீட்டினார். தாரணி அறையிலிருந்து வந்து, கேட்காமலேயே அவர் கையில் தன் போனைக் கொடுத்தாள். அவர் எங்களோடு பேசியபடியே அதைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார். சம்பந்தியம்மா மாம்பழத்தை எடுத்து வெளியே வைத்தார். இதெல்லாம் சாதாரணம் என்பது போல இருந்தது அந்த இருவருக்கும்.

"அவ வரல மாப்ள" என்றேன்.

போனிலிருந்து தலை நிமிர்ந்தார். "நீங்கதானே மாமா கூப்பிட்டீங்க?"

"கூப்பிட்டேன். தப்புப் பண்ணிட்டேன். அந்த போனை அவகிட்ட கொடுங்க."

கொடுக்கவில்லை. சிரித்தார். "என்ன மாமா, திடீர்னு? எம் பொண்டாட்டியை நான் கூட்டிட்டுப் போறதுக்கு..."

நான் சொல்வதற்கு என்று ஒரு பெரிய பேச்சே தயார் செய்து வைத்திருந்தேன். எல்லாம் மறந்துவிட்டது. தாரணியைப் பார்த்தேன். நான் முடிவு செய்வது, அவர் முடிவு செய்வது, அவர் அம்மா முடிவு செய்வது. அவளை இதுவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"உனக்குப் போகணுமா தாரணி?"

மாப்பிள்ளை, "சொல்லு, சொல்லு" என்றார். டம்ளருக்குக் கணக்குக் கேட்ட அதே குரல். அவள் வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றாள். பயந்துவிட்டாள், தலையாட்டிவிடுவாள் என்றுதான் நினைத்தேன்.

"இல்ல" என்றாள். அப்புறம் நிமிர்ந்து, "நான் வரல" என்றாள்.

சம்பந்தியம்மா எழுந்துவிட்டார். "ஏனுங்க, புள்ளைக்கு இதையா சொல்லிக் குடுத்தீங்க? ஊருக்குள்ள எப்படிங்க தலை நிமிந்து நடக்கறது?" மாப்பிள்ளை ஒன்றும் கத்தவில்லை. போனை டீப்பாயில் வைத்தார். "பிறக்கறது எங்க வீட்டுப் பிள்ளை மாமா. வக்கீல் மூலமா பேசிக்கலாம்" என்றார். வாசல் வரை போனவர் திரும்பி, அவளைப் பார்த்து, "நீ வருவ" என்றார். அது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. பயமாகத்தான் இருக்கிறது. எனக்கு வக்கீல் யாரையும் தெரியாது. நாளைக்கு ஜெரால்டிடம் கேட்க வேண்டும்.

கார் போன சத்தம் அடங்கியதும் தாரணியின் அறைக்குப் போனேன். கட்டில் மேல் இரண்டு பெட்டியும் கட்டி, ஜிப் போட்டு, தயாராக இருந்தன. புடவை மடிப்பு கலையாமல் அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"எப்ப கட்டின இதை?"

"போன வாரம்."

"அவங்க வர்றது உனக்கு எப்படித் தெரியும்?"

"நீங்க கூப்பிட்ட அன்னைக்கே அவர் சொல்லிட்டாருப்பா. உங்கப்பனுக்கே நீ பாரமாயிட்டன்னு சொன்னாரு."

இத்தனை நாளும் தெரிந்தே என்னோடு சாப்பிட்டிருக்கிறாள், என் கரிந்த பாயசத்தைச் சொல்லிச் சிரித்திருக்கிறாள், மருந்து போட்டுக்கொண்டீர்களா என்று கேட்டிருக்கிறாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேம்மா. போகமாட்டேன்னு சண்டை போட்டிருக்கலாமே."

"உங்களுக்கும் முடியலன்னு நினைச்சேன்பா" என்றாள். கோபமே இல்லை குரலில். அதுதான் என்னைக் கொன்றது.

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். பொய் சொல்லத் தோன்றவில்லை.

"முடியலதான். உன்னைப் பாத்துக்க எனக்குத் தெரியவும் தெரியல. அதுக்காக உன்னை அனுப்பப் பாத்தது தப்பு. நீ இரு."

"பிரசவத்துக்கு அப்புறம்?"

"அப்புறமும்தான்."

அவள் அழுவாள் என்று நினைத்தேன். நான்தான் அழுதேன். அவள் என் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். மணி மூன்றாகிவிட்டது, இருவரும் சாப்பிடவே இல்லை. நாலு பேருக்கு வைத்த சாதத்தை இரண்டு பேர் சாப்பிட்டோம். ராத்திரிக்கும் அதுவே இருக்கிறது.